கண்ணுக்கு ஒரு ஜன்னல் சீட்டு

எங்கள் பக்கத்து வீட்டுக் கண்டக்டருக்கு வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டு. 'எடமில்ல.'

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் தனியார் வண்டி. ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போதே பிதுங்கிக்கொண்டிருக்கும். வழியில் ஒரு கூட்டம் கை காட்டினால் வேறு எந்தக் கண்டக்டரும் "பின்னால வண்டி வருது" என்று சொல்லி விசிலை ஊதிவிடுவார். இவர் இறங்கி நின்று, விருந்துக்கு வந்தவர்களைப் போல அழைப்பார். "வாங்க, வாங்க, எடம் கெடக்கு!" உள்ளே ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருக்கும் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மூன்று வருடம் அந்த வண்டியில்தான் கல்லூரிக்குப் போனேன். அதனால் அவருடைய வித்தை எனக்கு அத்துப்படி. ஒரு பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடியில் வண்டி நின்றது. கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்தால் இன்னொரு பஸ்ஸையே நிரப்பும். இவர் பின்படியில் தொங்கிக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"எல்லாரும் டிரைவரைப் பாத்துத் திரும்புங்க. ஆமா, மொத்தமா! மாப்பிள்ள வரும்போது திரும்புவீகள்ல, அந்த மாதிரி. ஏப்பா காலேசு, முதுகுல சொமக்குறது யாரு, ஒன் தம்பியா? எறக்கிக் கால்ல வையி. அண்ணே, அந்தச் சாக்கு டிக்கெட் எடுத்துச்சா? அப்ப அதுக்கு எதுக்கு நட்டநடுவுல எடம்? சீட்டுக்கடியில தள்ளுங்க."

"ஏய்யா, இது பஸ்ஸா ரப்பரா?" என்று ஒருவர் கத்தினார்.

"ரப்பர்னா அந்துபோகும்ணே. இது பஸ்ஸு, தாங்கும்."

ஆச்சரியம் என்னவென்றால், ஆட்கள் கூடினார்கள், நெரிசல் குறைந்தது. ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றவர்கள் ஒரே பக்கம் திரும்பியதும், தோளும் முழங்கையும் மோதுவது நின்றுபோனது. அன்றைக்கு நடுவில் ஒரு பெண் மட்டும் வெளிறிப்போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எறக்கிவிடுங்க, எறக்கிவிடுங்க" என்றாள். இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவளை அழைத்துவந்து டிரைவருக்குப் பின்னால் நிறுத்தினார். முன்கண்ணாடி முழுக்க ரோடு. "ரோட்டைப் பாரு தாயி. வேற ஒண்ணையும் பாக்காத. கண்ணுக்கு ஒரு ஜன்னல் சீட்டு குடுத்துட்டா மூச்சு தானா வந்துரும்." அவள் பிள்ளையார்பட்டி வரைக்கும் கண்ணை எடுக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சிரித்தாள்.

அவர் மனைவியை நான் மாமி என்பேன். மாமி பேச்சில் கண்டக்டர் வேறு மாதிரி. "ஊருக்கெல்லாம் எடம் குடுப்பாக. என் அடுப்படியில சட்டி வைக்க எடமில்ல." அது உண்மைதான். வண்டியில் யாராவது விட்டுவிட்டுப் போன குடை, சாப்பாட்டுக் கூடை, ஒற்றைச் செருப்பு எல்லாம் அவர் வீட்டுப் பரணில் உரிமையாளரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். நோன்பு மாதத்தில் கஞ்சிக்குத் தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிடுவார். அந்தச் சின்ன முன்னறையில் எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க உட்கார வைத்து, தான் மட்டும் வாசல்படியில் நின்றுகொண்டு பரிமாறுவார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், "நான் இங்குட்டே இருக்கேன், நீங்க சாப்பிடுங்க" என்பார். வண்டியிலும் அப்படித்தான். காலியாக ஓடும் மத்தியான நடையில்கூட, அவ்வளவு சீட்டு கிடக்க, படியில்தான் நிற்பார். தலைமுடி காற்றில் பறக்க நிற்பது ஒரு ஸ்டைல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா மலேசியாவில் ஒரு உணவகத்தில் இருக்கிறார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா ரவிக்கை தைப்பாள். குனிந்து குனிந்து தைத்ததில் கழுத்து வலி வந்து, மதுரையில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். குழாய்க்குள் படுக்க வைத்துத் தள்ளுவார்களே, அந்த ஸ்கேன். வெளியே வந்தவள் வியர்வையில் குளித்திருந்தாள். கழுத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள், மாத்திரையில் வலியும் போய்விட்டது. ஆனால் அந்தக் குழாய் அம்மாவோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மறுநாள் குளிக்கப் போனவள் கதவைச் சாத்திய வேகத்தில் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்தாள். "முட்டுதுடி. செவுரு நாலும் வந்து முட்டுது."

எங்கள் பாத்ரூம் அப்படித்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே போய், மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் அதைச் சாத்தவே முடியும். தண்ணீர் வராத நாளுக்கென்று ஒரு நீல டிரம், அதன்மேல் பித்தளை அண்டா, சுவர் முழுக்க ஆணி, ஆணிதோறும் வாளி, பிரஷ், பை. மங்கலான கண்ணாடிச் சில்லுகள் வைத்த ஒரு துளி வெண்டிலேட்டர். அது கட்டப்பட்ட நாளிலிருந்து யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அன்றிலிருந்து அம்மா கதவைத் திறந்து வைத்துத்தான் குளித்தாள். அதில் என்ன சிக்கல் என்றால், பாத்ரூம் பின்வாசலில், மூன்று வீட்டுக்கும் பொதுவான முற்றத்தைப் பார்த்து இருக்கிறது. துவைக்கிற கல்லும் அங்கேதான். நான் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். யாராவது வந்தால் இருமுவேன். அம்மா ஈரத் தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடுவாள். ஊரே மதிக்கிற தையல்காரி, தன் வீட்டில் திருடி மாதிரிக் குளித்தாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் வந்து சேரச் சொன்னார்கள். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "போயிட்டு வா, நான் என்ன சின்னப்புள்ளையா?" என்றாள். மறுநாள் காலையில் போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல, "நீ போயிட்டா நான் சாயங்காலமா இருட்டுனதும் குளிச்சுக்குவேன்" என்றாள். இவளை இப்படி விட்டுவிட்டுப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் வேலையையும் விட மனமில்லை. ஆக, பாத்ரூம்தான் மாற வேண்டும்.

எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் தூக்கம் கிடையாது. சின்னக் குளியலறையைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று எத்தனை வீடியோ உண்டோ அத்தனையும் பார்த்தேன். கொத்தனாரைக் கூப்பிட்டு, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொன்னேன். ஆணிகளைப் பிடுங்கினேன். தரைக்கும் சுவருக்கும் ஒரே டைல்ஸ், பெரிய சைஸ், அதே நிறத்தில் பூச்சு. வெள்ளை வேண்டாம், ஆஸ்பத்திரி ஞாபகம் வரும் என்று மோர் நிறத்தில் எடுத்தேன். கொத்தனாருக்கு மனசே ஆறவில்லை.

"பாப்பா, நடுவுல ஒரு பூ பார்டர் ஓட்டிவிடுறேன். இல்லாட்டி மொட்டையா இருக்கும்."

"பார்டர் வச்சா சுவர் ரெண்டாத் துண்டுபட்டு இன்னும் குட்டையாத் தெரியும்ணே."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டர் குரல் வந்தது. "புள்ள சொல்றதக் கேளுங்க கொத்தனாரே! சேலைக்குத்தான் பார்டரு. குளிக்கிற எடத்துக்கு எதுக்கு?"

கடைசியாக என் பொக்கிஷம். பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் தேடி, ஆளுயரத்தில் ஒரு கண்ணாடி வாங்கி வந்தேன். கண்ணாடி வைத்தால் அறை இரண்டு மடங்காகும் என்று எல்லா வீடியோவும் சொன்னது. கதவுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டினேன். பார்க்கப் பார்க்க அவ்வளவு அழகு. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். திறந்து பார்த்தவள், "அட, நம்ம பாத்ரூமாடி இது!" என்று சுவரைத் தடவினாள். தானே கதவை இழுத்துச் சாத்தினாள்.

எனக்குக் கை தட்டக்கூட நேரமில்லை. கதவு படாரென்று திறந்தது. அம்மா முகத்தில் இரத்தமில்லை.

"என்னம்மா?"

"முன்னாடி ஒரு மூடுன கதவுதான் இருந்துச்சு. இப்ப கண்ணாடிக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. அங்குட்டும் ஒருத்தி அடைபட்டுப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா." சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாட்கள் போய்க்கொண்டிருந்தன. முற்றத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற மாமி, தன் வீட்டுக்குள் பார்த்து, "என்னங்க, இங்குட்டு வாங்க" என்று கூப்பிட்டார்.

கண்டக்டர் லுங்கியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உற்சாகம் வந்துவிட்டது. "இம்புட்டுதானா? இதுக்குள்ள நாலு பேரை ஏத்தலாம்!" என்று, பாத்ரூம் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். "இந்த டிரம்மு டிக்கெட் எடுத்துச்சா?"

அதை மட்டும் நான் விட்டுவைத்திருந்தேன். அம்மா தண்ணீர் விஷயத்தில் பயப்படுவாள் என்பதால். அவரும் கொத்தனாருமாக அதை உருட்டிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வெளியே வைத்து, ஒரு குழாயை உள்ளே விட்டார்கள். கண் முன்னாலேயே தரை வளர்ந்தது.

அதோடு நிறுத்தினாரா? மறுநாள் சாயங்காலம் ஒரு ஆட்டோவில், பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து பழைய பஸ் கதவு ஒன்று வந்து இறங்கியது. மடிந்து திறக்கிற கதவு. "மேல பூராக் கண்ணாடி. வெளிச்சம் சும்மா கொட்டும். சாத்துன மாதிரியும் இருக்கும், சாத்தாத மாதிரியும் இருக்கும்" என்றார் பெருமையாக. ஒரு தடவை மடக்கிக் காட்டினார். தெருநாய் குரைக்கிற அளவுக்குக் கடகடவென்று சத்தம்.

அம்மா பார்த்தாள். "தம்பி, நான் குளிக்கப் போறேனா, திருப்பத்தூர் போறேனா?"

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எடுத்த எடத்துலயே போயி எறக்கிட்டு வாங்க. இதையும் நம்ம பரண்ல ஏத்திறாதீக."

கண்டக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாமா, நீங்க உள்ள போய் நின்னு பாத்தாத்தான் என்ன பிரச்சினைன்னு தெரியும்" என்றேன் நான், கொஞ்சம் எரிச்சலாகவே. "வாசல்லயே நின்னு யோசனை சொன்னா எப்படி?"

அவர் உள்ளே ஒரு எட்டு வைத்தார். நான் விளையாட்டாகப் பாத்ரூம் கதவில் கை வைத்தேன். சாத்தக்கூட இல்லை, கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். மனிதர் என் கையைத் தட்டிவிட்டு வெளியே பாய்ந்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை.

அம்மாதான் முதலில் துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து போனாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"உங்களுக்குமா தம்பி?"

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, துவைக்கிற கல்லில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் அதே கோளாறுதான்க்கா. கல்யாணமான புதுசுல சவுதிக்குப் போனேன்ல. ஒரு ரூமுல கட்டிலுக்கு மேல கட்டிலு, அதுக்கு மேல கட்டிலு. நடுக்கட்டிலு எனக்கு. கண்ணைத் தொறந்தா மூக்குக்கு நேரா மேல்கட்டிலு பலகை. ஜன்னலே கெடையாது. ஒருநாளு மூச்சு முட்டிக்கிட்டு வெளிய ஓடிவந்தவன், அப்பறம் உள்ள போகல. பாஸ்போர்ட்டக் கேட்டு வாங்கி ஊருக்கே வந்துட்டேன். போன சூட்டுல திரும்பி வந்துட்டான்னு எல்லாரும் கேலி பேசுனாக. என்ன சொல்ல? ஆம்பள, பலகையப் பாத்து பயந்துட்டேன்னா சொல்றது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மாமி. அவருக்கே அது புதிது என்பது குரலில் தெரிந்தது.

"சொன்னா, அப்ப வீட்டுல மட்டும் அடைசல் எதுக்குன்னு நீ பரண்ல இருக்குறத எறக்கச் சொல்லுவ" என்றார். மாமி அவர் தோளில் ஒன்று வைத்தார்.

அம்மா சிரித்தாள். ஸ்கேனுக்குப் பிறகு அவள் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று இத்தனை நாள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த பயம், அதே கோளாறு பக்கத்து வீட்டு ஆளுக்கும் உண்டு என்று தெரிந்ததும் பாதி இறங்கிவிட்டது போல. இருவரும் கல்லில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுவது மாதிரி அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். லிஃப்ட் எப்படி, கல்யாண மண்டபச் சாப்பாட்டுக் கூட்டம் எப்படி, போர்த்திக்கொண்டு தூங்க முடிகிறதா.

"படியில நிக்கிறது எதுக்குன்னு நெனச்சீக? ரோடு தெரிஞ்சாத்தான் நம்ம வண்டி ஓடும்" என்றார் அவர்.

எனக்குச் சட்டென்று ஒரு பொறி. ரோடு! என் கண்ணாடியில் அம்மாவுக்குத் தெரிந்தது மூடிய கதவு. கண்ணாடி எதைக் காட்டுகிறதோ அதைத்தானே இரண்டாக்கும்? வானத்தைக் காட்டினால் வானமல்லவா இரண்டாகும்!

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். வெண்டிலேட்டரைக் கூரை வரைக்கும் உயர்த்திப் பெரிதாக்கச் சொன்னேன். மங்கல் சில்லுகளுக்குப் பதில் தெளிந்த கண்ணாடி. கொத்தனார் பதறினார். "வெளிய தெரியுமே பாப்பா!" கண்டக்டர் நிமிர்ந்து பார்த்து, "அம்புட்டு ஒசரத்துல காக்காதான் எட்டிப் பாக்கும். அதுக்கென்ன, பாத்துட்டுப் போகட்டும்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றி, வெண்டிலேட்டருக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். நேராக மாட்டினால் முகம்தான் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கண்ணாடியின் தலை முன்னால் குனிந்திருக்கும், நிற்பவரைக் காலோடு காட்டுவதற்காக. அந்தப் பழக்கத்தில் கொத்தனார் மேலே கம்பி கட்டி முன்னால் சாய்த்தார். தரையும் எங்கள் பாதங்களும் தெரிந்தன. "தலைகீழாப் பண்ணுங்கண்ணே, கீழ்ப்பக்கத்த முன்னாடி தள்ளுங்க" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே சட்டத்தின் அடியில் ஒரு கட்டையைச் செருகினார். கண்டக்டர் வாசலில் நின்று, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வது போலக் கையை ஆட்டினார். "வா, வா, வா... இன்னுங் கொஞ்சம்... ஹோல்டான்!"

கண்ணாடி நிறைய வானம். ஒரு துண்டு மேகம் அதில் நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் திரும்பினால் வெண்டிலேட்டரிலும் அதே வானம். மோர் நிறச் சுவர் முழுக்க வெளிச்சம் வழிந்தது. அறையின் அளவு அதேதான், கையை விரித்தால் இன்றைக்கும் சுவர் தட்டும்.

அம்மாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதில் கண்டக்டர் கண்டிப்பாக இருந்தார். "சாத்தச் சொல்லாத. மொதல்ல சும்மா போயி நின்னு வானத்தப் பாக்கட்டும். எப்பச் சாத்தணும்னு அவுகளுக்குத் தெரியும்." அம்மாவும் போய் நிற்பாள், வருவாள். பல் துலக்கினாள். துணியை உள்ளே வைத்துத் துவைத்தாள். கதவைப் பாதி இழுத்துப் பார்த்தாள். நடுவில் ஒருநாள் மழை மூடி வானம் இருண்டபோது பின்வாங்கினாள். மறுநாள் மறுபடி போனாள். கண்டக்டர் வண்டிக்குக் கிளம்பும்போது முற்றத்துப் பக்கம் வந்து, "எதுவரைக்கும் போயிருக்கு?" என்று கேட்பார், ஏதோ வண்டி எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று கேட்பது போல. அம்மாவும் கையால் அளந்து காட்டுவாள். அவரும் ஒருநாள் யாரும் கேட்காமலே உள்ளே போய், கதவைத் தானே கால்வாசி இழுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார். மாமி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி துணி உதறினார்.

இப்போது அவர்கள் நெற்குப்பைப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். வேறு வண்டி, வேறு ரூட். அவரை நினைத்தால் எனக்கு ஓசூரில் சேர வேண்டிய அந்த மாதத்துக் கடைசி வாரத்தின் ஒரு காலைதான் முதலில் வருகிறது.

நான் வழக்கம்போலப் போர்வையோடு வாசலில் நின்றேன். அம்மா உள்ளே போனாள். கண்டக்டர் தோளில் பையோடு, வண்டிக்கு நேரமாகியும் போகாமல் துவைக்கிற கல்லோரம் நின்றார். மாமி பல் துலக்குகிற சாக்கில் நின்றார். கதவு மெல்ல மெல்ல நகர்ந்து சட்டத்தில் ஒட்டியது. அப்புறம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். தட்டலாமா என்று கையைத் தூக்கினேன், அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழுந்தது. ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு. அவசரமே இல்லாத சொம்புகள்.

மாமி, "அக்கா, நல்லா இருக்கீகளா?" என்று பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

உள்ளேயிருந்து அம்மா போட்ட சத்தம் மூன்று வீட்டுக்கும் கேட்டது. "யாருடி அது வாசல்ல? மாநாடா நடத்துறீக? மனுசி நிம்மதியாக் குளிக்க வேணாமா? போங்க எல்லாரும் அங்குட்டு!"

திருப்பத்தூர் ரோடு முழுக்கக் கேட்கிற தொண்டை உள்ள அந்த மனிதர், ஒரு வார்த்தை பேசாமல், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து போனார். மாமி வாயைக் கழுவாமலே பின்னால் ஓடினார். நான் போர்வையை மடித்தேன். வீட்டுக்குள் போய், அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். உள்ளே என் துணிகளை அடுக்கி முடிக்கும் வரைக்கும் அம்மா குளித்துக்கொண்டுதான் இருந்தாள்.